செவ்வாய்க்கிழமை டாக்டர்

1

போன வாரம் என்னைக் காது டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள். என் காதில் ஒரு கோளாறும் கிடையாது. கோளாறெல்லாம் என் ஜெர்மனில்தான்.

ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் பல வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். வகுப்புக்குப் போய்ப் படித்த ஜெர்மன் கொஞ்சம்தான். மீதியெல்லாம் இல்லத்தில் இருக்கும் தொண்ணூறு வயதுக்காரர்களிடம் பிடித்தது. அதனால் என் ஜெர்மனுக்கும் தொண்ணூறு வயது. நான் காய்கறிக் கடையில் பேசினால், செத்துப்போன யாரோ பெரிய மனுஷி திரும்பி வந்தமாதிரி கடைக்காரப் பெண் விழிப்பாள். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் நிலா கூட வந்தால் இரண்டடி தள்ளித்தான் நிற்பாள்.

எங்கள் பழைய குடும்ப டாக்டர் ஓய்வு பெற்று, புதிதாக ஒரு இளைஞர் வந்திருக்கிறார். நான் சாப்பிட்டு வரும் மாத்திரையைத் தொடர்ந்து எழுதித் தர வேண்டும் என்று கேட்கப் போனேன். எதற்கு மாத்திரை என்றார். டிப்ரெஷன் என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. எல்லா ஊரிலும் செல்லுபடியாகிற வார்த்தை அது. எனக்கோ கொஞ்சம் அழகாகச் சொல்ல ஆசை. மனம் கனத்துப் போனவள் என்பதற்கு இல்லத்துப் பெரியம்மா ஒருத்தர் ‘ஷ்வேர்மூட்டிஷ்’ என்று சொல்வார். அதைச் சொல்ல நினைத்து ‘ஷ்வேர்ஹோரிஷ்’ என்று சொல்லிவிட்டேன். அதற்குக் காது மந்தம் என்று அர்த்தம்.

டாக்டர் உடனே குரலை உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, “எவ்வளவு நாளாக?” என்று கத்தினார்.

நல்ல மனுஷர், அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். “ரெண்டு வருஷம் இருக்கும். காலையில்தான் மோசம். யார் பேசினாலும் எங்கேயோ தூரத்தில் பேசுகிற மாதிரி இருந்தது” என்றேன்.

பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுப்பதற்குள் காது டாக்டருக்குச் சீட்டு எழுதிவிட்டார். சீட்டு எழுதியாகிவிட்டால் இந்த நாட்டில் அது எழுதியதுதான். போய் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டு வந்தேன். குழந்தையின் காது போல இருக்கிறதாம்.

வீட்டில் சொன்னதும் நிலா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். “அம்மா, நீ சொல்ல நெனச்ச வார்த்தையவே இப்ப யாரும் சொல்றதில்ல. அது மியூசியத்துல இருக்கு!” நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். போன வருஷம் ஜூலையில் இதே கூத்து நடந்திருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்காது. அந்த ஜூலையைப் பற்றி நம்ம ஊர்க்காரர்களுக்கு எழுதணும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

என் முழுப்பெயர் உலகம்மாள், எங்கள் தென்காசி அம்மனின் பேர். அந்தக் கோயிலுக்குள் நின்று ‘உலகு’ என்று கூப்பிட்டால் நாலைந்து பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே அது யார் வாயிலும் நுழையாமல் ‘உல்லா’ என்று ஆகிவிட்டது. உல்லா என்பது இங்கே போன தலைமுறைப் பெண்களுக்கு வைத்த பேராம். தாளில் அந்தப் பேரைப் பார்த்துவிட்டு என்னை உள்ளே கூப்பிடுகிற அதிகாரிகள், உல்லா எங்கே என்று என் தோளுக்குப் பின்னால் தேடுவார்கள்.

அந்த உல்லாவுக்கு என்ன வந்தது என்று உலகம்மாளுக்கு நெடுநாள் தெரியவில்லை. தினமும் காலையில் ஒவ்வொரு அறையாகப் போய், தூங்கினீர்களா, சாப்பாடு ருசித்ததா, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் என் வேலை. அதற்குச் சம்பளமும் வாங்குகிறேன். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருப்பேன். நிலா பள்ளிக்கூடத்துக் கதை சொல்வாள். அது என்னைத் தாண்டிப் போய்விடும். அவளும் சொல்வதைக் குறைத்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த வயசுப் பிள்ளைகள் இந்த ஊரில் அப்படித்தான் என்று நினைத்தேன்.

வெயில் இல்லாத ஊர், அதனால்தான் என்றேன். கோடை வந்து ராத்திரி ஒன்பது மணிக்கும் வெயில் அடித்தது. தைராய்டு என்றேன். அதையும் சோதித்தாயிற்று, சரியாக இருந்தது. கடைசியில் என் கணவர் செந்திலின் குறட்டைமேல் பழியைப் போட்டேன். நான் ஏதோ கோபத்தில் இருக்கிறேன் என்று எண்ணி, அவர் ஒவ்வொரு தப்பாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுப் பார்த்தார். சில தப்புகள் எனக்கு அப்போதுதான் தெரியவந்தன.

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து மதினி ஃபோனில் கூப்பிட்டாள். மதினி என்றால் என் அண்ணன் மனைவி பேச்சியம்மாள்.

“உலகு, நீ கொஞ்சம் வாரியா? உங்க அண்ணன் பேசவே மாட்டேங்காவ. நீ நர்சுல்லா, ஒனக்குத் தெரியும்.”

எனக்குத் தெரியும்! உடனே டிக்கெட் போட்டேன். அண்ணனைக் குணப்படுத்தப் போகிறேன் என்று ஒரு நினைப்பு. ஊருக்குப் போனால் எனக்கும் சரியாகிவிடும் என்று இன்னொரு நினைப்பு. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தலைவலி முதல் தாம்பத்தியச் சண்டை வரை எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிற ஒரே மருந்து அதுதான்.

3

அண்ணன் கணேசன் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்து, குத்துக்கல்வலசையில் வீடு கட்டி, ஒரு அரிசி ஆலையில் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். சத்தமான மனுஷன். அவர் பேசுகிற பேச்சுக்கு ஃபோனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தால் ஜெர்மனியிலேயே கேட்டுவிடும் என்று செந்தில் கேலி செய்வார். நான் போய் இறங்கியபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“வந்துட்டியாட்டி” என்றார். அதோடு சரி.

என்ன நடந்தது என்று எல்லோரையும் விசாரித்தேன். எதுவும் நடக்கவில்லை. யாரும் சாகவில்லை, யாரோடும் சண்டை இல்லை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: “பென்ஷன் வருது, சொந்த வீடு இருக்கு, மக வாத்திச்சி வேலைக்குப் போறா, இவனுக்கு என்ன கொறை?” அண்ணன் அதைக் கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் ஒண்டிக்கொள்வார்.

வயிற்றுக்கு ஸ்கேன், நெஞ்சுக்கு ஈசிஜி, எல்லாம் மதினி எடுத்திருந்தாள். எல்லாம் நார்மல். அக்கம்பக்கத்தில் கேட்டால் ‘கேஸ்’, வாயுத் தொல்லை என்று சொல்லி வைத்திருந்தாள். அதற்குக் காரணம் இருந்தது. அண்ணன் மகள் சுபாவுக்கு அச்சன்புதூரில் ஒரு சம்பந்தம் கிட்டத்தட்ட முடிகிற நிலையில் இருந்தது. மாப்பிள்ளை போலீஸ். மாப்பிள்ளையின் அம்மா வெள்ளத்தாய், புருஷன் போன பிறகு வயலையும் மகனையும் தனியாகக் கரையேற்றிய கெட்டிக்காரி. பெண் பார்க்க வந்தபோது, “என்ன, அண்ணாச்சி வாயத் தொறக்கவே இல்ல?” என்று கேட்டிருக்கிறாள். “மிலிட்டரிக்காரவ, பேச்சுக் கம்மி” என்று மதினி சொல்லிச் சமாளித்தாளாம். அண்ணனின் சத்தம் தெரிந்த தெருவே சிரித்திருக்கும்.

டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, அடுத்தது அருவி. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் கொஞ்சம் ஏறுமாறாகப் பேசிவிட்டால் போதும், “இவனக் குத்தாலத்துல கொண்டு நிறுத்துங்கலே” என்பார்கள். அருவித் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தால் புத்தி தெளியும் என்று நம்பிக்கை. நல்ல சாரல், சீசன் உச்சத்தில் இருந்தது. தினமும் விடிந்ததும் தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனோம். ஆண்கள் பக்கம் அண்ணன் போய் நிற்பார். மதினி நிற்கச் சொன்னாள், நிற்கிறார். போலீஸ்காரர் விசில் ஊதி, “தண்ணி கூடிட்டு, எல்லாரும் வெளிய வாங்க” என்று கத்துகிற வரை அசையமாட்டார்.

நானும் பெண்கள் பக்கம் நின்றேன். அருவிமேல் ஒரு குறையும் சொல்லமாட்டேன். தலையில் அது இறங்குகிற நேரம் ஒரு நினைப்பும் ஓடாது. வெளியே வந்து, ஈரத்துணியோடு சூடாக மிளகாய் பஜ்ஜி தின்னும்போதும் ஓடாது. பஜ்ஜி தீர்ந்ததும் எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். அண்ணனுக்கு அப்படித்தான் என்று மதினியிடம் விளக்கினேன். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்பது மட்டும் இந்த நர்ஸின் மண்டையில் ஏறவில்லை.

4

என்னோடு நர்சிங் படித்த ஒரு தோழி பக்கத்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளைக் கேட்டேன்.

“செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு மேடம் வாராங்க. மனசு டாக்டரு. சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் அவங்க ஒரு ஆளுதான், மத்த நாளு வேற வேற ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இல்லன்னா ஜனங்க திருநெல்வேலிக்குப் போணும். காலம்பற ஏழு மணிக்கே வந்து சீட்டு எடுத்துரு.”

அண்ணனிடம் சொன்னதற்கு, “எனக்கு என்ன பைத்தியமாட்டி?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். மதினிக்கும் விருப்பமில்லை. “அச்சன்புதூர்க்காரங்க யாராவது பாத்துட்டா சுபா கதி என்ன?” என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஒரு விருது தரலாம் என்று தோன்றுகிறது, நடிப்புக்கு.

“அண்ணே, சீக்கு ஒனக்கில்ல, எனக்குத்தான்” என்றேன். “வெளிநாட்டுல இருந்து எனக்கு மனசு சரியில்லாமப் போச்சு. அந்த டாக்டர்ட்ட காட்டணும். ஒத்தையில போகப் பயமா இருக்கு. தொணைக்கு வாரியா?”

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, “சட்டைய எடு” என்றார்.

அன்று செவ்வாய் இல்லை. செவ்வாய்க்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று சொல்லி மறுபடி படுக்க வைத்தோம். நான் நோயாளி மாதிரி நடிக்கத்தான் போகிறேன் என்று மதினியிடம் தனியாகச் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்த வராண்டாவில் உட்கார இடமில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த தாயும் மகளும், மாத்திரை அட்டைகளைப் பாலிதீன் பையில் சுருட்டி வைத்திருந்த ஒரு பெரியவர், முக்காடு போட்டு முகத்தை மறைத்த ஒரு பெண், கையில் சங்கிலித் தழும்போடு ஒருவர். போன செவ்வாய் வந்து, முறை வராமல் திரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். யாரைக் கேட்டாலும் தலைவலிக்கு வந்திருப்பதாகத்தான் சொன்னார்கள். என்னைக் கேட்டபோது நானும் தலைவலி என்றேன்.

டாக்டர் சின்னப் பெண். எதிரே ஒரே ஒரு ஸ்டூல். அதில் நான் உட்கார்ந்தேன். அண்ணன் எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பாடம் பண்ணி வைத்திருந்தேன்: முதலில் தூக்கம் வரவில்லை என்பது, பிறகு ஒரு பெருமூச்சு. அண்ணனுக்குப் பொருந்துகிற மாதிரி எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தேன்.

டாக்டர் என் பாடத்தைக் கேட்கவில்லை. “முன்னால எது செஞ்சா உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்?” என்றார்.

“என் மககூடப் பேசிக்கிட்டிருக்கிறது” என்றேன்.

“இப்போ?”

நான் வாயைத் திறந்தேன். பாடத்தில் அடுத்த வரி இருந்தது, ஆனால் வரவில்லை. நிலாவின் சாத்திய கதவுதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கதவை நான் எத்தனையோ நாளாகத் தட்டியதே இல்லை. தட்டணும் என்று தோன்றியதுகூட இல்லை. அழ ஆரம்பித்தேன். மூக்கு ஒழுக, விக்கல் எடுக்க, ஸ்டூல் ஆட, நடிப்பில் இல்லாத அழுகை. காலையில் எழுந்திருக்க முடியவில்லை, சோறு மண் மாதிரி இருக்கிறது, எல்லோரும் தூரத்தில் பேசுகிறார்கள், நான் இல்லாவிட்டால் அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று தோன்றுகிறது. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது.

டாக்டர் அவசரப்படுத்தவில்லை. வெளியே அத்தனை கூட்டம் இருந்தும், நான் முடிக்கிற வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோளில் ஒரு கை விழுந்தது. அண்ணன் தன் துண்டை என் கையில் திணித்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

“டாக்டரம்மா, எந்தங்கச்சி சொன்னதெல்லாம்... எனக்கும் அதான்.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “எத்தனை நாளா?”

“அஞ்சாறு மாசமா. வெளிய சொல்லத் தெரியல. இவ சொன்னப்பொறவுதான் இதுதான்னு தெரிஞ்சுது.”

“உங்களுக்கும் சீட்டு எடுத்துட்டு வாங்க. நான் இருக்கேன், போகமாட்டேன்.”

சீட்டுக் கவுண்டரில் கூட்டம் ஓய்ந்து, மூடுகிற நேரம். அண்ணன் அப்படியே வீட்டுக்கு நழுவிவிடுவாரோ என்று நான் மூக்கைச் சிந்திக்கொண்டே பின்னால் ஓடினேன். ஜன்னலுக்குள் இருந்தவர், “யாரப் பாக்கணும்?” என்றார். அண்ணன் எதையோ முணுமுணுத்தார். “கேக்கல, சத்தமா சொல்லுங்க.” அண்ணன் விறைப்பாக நிமிர்ந்தார். அடுத்து, அந்தப் பழைய பரேடு குரல், ஐந்தாறு மாசமாக யாரும் கேட்காத குரல், வராண்டா முழுக்க அதிர்ந்தது: “மனநலம்!”

தலைவலிக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் இருவருக்கும் மாத்திரை கொடுத்தார். வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக்கூடாது, தினமும் கொஞ்சம் நடங்கள் என்றார். பேசிச் சரிசெய்கிற சிகிச்சையும் வேண்டும், அதற்கு இங்கே ஆள் இல்லை, நேரம் கிடைக்கும்போது நானே பேசுகிறேன் என்று அண்ணனிடம் சொன்னார். என்னிடம், “நீங்க இருக்கிற நாட்டுல இதெல்லாம் நல்லா இருக்குமே?” என்று கேட்டார். ஜெர்மனிக்குத் திரும்பி வந்த பிறகு அந்தச் சிகிச்சைக்கும் பேர் கொடுத்தேன். எட்டு மாசம் கழித்துத்தான் இடம் கிடைத்தது. வராண்டாவில் நிற்க வேண்டியதில்லை, வீட்டில் சோபாவில் உட்கார்ந்து காத்திருக்கலாம், அதுதான் வசதி.

மதினியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. “நீ நடிக்கப் போறேன்னுல்லா போன?” என்றாள். என் மாத்திரை அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

5

நான் திரும்பி வந்து நிலாவின் கதவைத் தட்டினேன். “என்ன?” என்று ஜெர்மனில் கேட்டாள். “சும்மாதான்” என்று தமிழில் சொன்னேன். உள்ளே விட்டாள். ஒரே நாளில் ஒன்றும் மாறிவிடவில்லை. தட்டுகிற பழக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அண்ணனும் தேறினார். காலையில் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போய்ச் சின்ன வெங்காயத்துக்கு விலை பேசிச் சண்டை போட்டதாக மதினி சந்தோஷமாகச் சொன்னாள். அந்தச் சந்தோஷம்தான் வினையாகிவிட்டது. ஆள் குணமாகிவிட்டார், இனி எதற்கு மாத்திரை, பழகிவிட்டால் விடமுடியாது என்று யாரோ சொல்ல, அச்சன்புதூரில் இருந்து யாராவது வந்தால் அட்டை கண்ணில் பட்டுவிடும் என்ற பயமும் சேர, மாத்திரையை நிறுத்தினார்கள். எனக்குச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அண்ணன் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

மதினி அழுதுகொண்டே கூப்பிட்டபோது நான் இல்லத்தில் ஒருவருக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் ஸ்பூன், ஒரு கையில் ஃபோன். “திரும்ப அந்த டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ மதினி” என்றேன். “யாராவது பாத்துருவாங்களே உலகு” என்றாள்.

அந்தப் பேச்சைச் சுபா பக்கத்து அறையில் இருந்து கேட்டிருக்கிறாள். நேராக மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டு, “எங்க அப்பாவுக்கு டிப்ரெஷன். மாத்திரை சாப்பிடணும், செவ்வாய்க்கிழம டாக்டர்ட்ட போணும். ஒங்களுக்குச் சரிப்படலன்னா இப்பமே சொல்லிருங்க” என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை, “அம்மாட்ட நான் சொல்லுதேன்” என்று மட்டும் சொன்னாராம்.

அடுத்த செவ்வாயே சுபா லீவு போட்டு அப்பாவைக் கூட்டிப்போனாள். ஆனால் அச்சன்புதூரில் இருந்து ஒரு தகவலும் இல்லை. மதினி ஒவ்வொரு நாளும் சம்பந்தம் முறிந்துவிட்டதாகவே எனக்குச் செய்தி சொன்னாள். நான் ஆறுதல் சொன்னேன். ஃபோனை வைத்ததும் சுபாவைக் கூப்பிட்டு, ஏதாவது தகவல் உண்டா என்று கேட்பேன். கடைசியில் ஒருநாள் தாக்கல் வந்தது: நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்தாயிற்று. அண்ணனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

6

போன ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். எனக்கு லீவு கிடைக்கவில்லை. இல்லத்தின் ஓய்வறையில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தேன். அண்ணன் வெள்ளை வேட்டியில் தட்டு மாற்றினார். மெலிந்திருந்தார், ஆனால் மாப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தன் சத்தத்தில் தானே சிரித்தார். எல்லோரும் சாப்பிடப் போனதும் மதினி ஃபோனை அணைக்காமல் சமையல்கட்டு அலமாரியில் சாய்த்துவிட்டாள். எனக்குச் சுற்றுகிற மின்விசிறி மட்டும் தெரிந்தது. பத்து நிமிஷம் அந்த விசிறியைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு குரல் கேட்டது. “மதினி, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கப்பிடாது.”

வெள்ளத்தாயின் குரல். எங்கள் பக்கத்தில் சம்பந்தக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிடுவார்கள்.

“சொல்லுங்க மதினி” என்றாள் என் மதினி.

“அண்ணாச்சி ஒரு டாக்டரப் பாக்காவளாமே. மகன் சொன்னான்.”

மதினி ஏதோ பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது. தட்டு மாற்றிய பிறகா இதைக் கேட்பது என்று எனக்குக் கோபம் வந்தது. பேசினால் நான் கேட்பது தெரிந்துவிடும். கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“ஆமா மதினி” என்றாள் மதினி கடைசியில். “பாக்காவ. இப்பம் நல்லா இருக்காவ.”

“அது எந்தக் கெழமன்னு கேக்கத்தான் வந்தேன்.”

“எதுக்குக் கேக்கிய?”

“எனக்குத்தான்.” குரல் தாழ்ந்தது. “அவன் அப்பா போனதுல இருந்து எனக்கு ஒரு நாளு ஒழுங்காத் தூக்கம் கெடையாது. வயக்காட்டுல போயி நிப்பேன், எதுக்கு வந்தோம்னு தெரியாது. மூணு வருசமா யார்ட்டயும் வாயத் தொறக்கல. மாப்பிள்ளைக்கு அம்மா இப்படின்னு தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பா?”

விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. மதினி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அது அழுகையா சிரிப்பா என்று இங்கிருந்து தெரியவில்லை.

“செவ்வாய்க்கெழம மதினி” என்றாள். “காலம்பற ஏழு மணிக்கே சீட்டு எடுக்கணும். நீங்க ஒத்தையில போவேண்டாம், நானும் வாரேன்.”

“அப்பம் பஸ் ஸ்டாண்டுல எங்கன நிக்கட்டும்?” என்று கேட்டாள் வெள்ளத்தாய்.